என் பேரைப் போட்டு உன் பால்கோவாவை விற்ற விவகாரம்

ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்குப் பக்கத்தில் பால்கோவாக் கடை வைத்திருக்கும் நாத்தனார் சுடலையம்மாளுக்கு, இராஜபாளையத்திலிருந்து உன் அண்ணன் பெண்டாட்டி வெள்ளத்தாய் எழுதுவது. இங்கே மழை இல்லை, மற்றபடி எல்லோரும் சுகம். நீ சுகமா என்று கேட்பது கடிதத்துக்கு உள்ள மரியாதை, அதனால் கேட்கிறேன். உன்னோடு பேச மாட்டேன் என்று முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் சொன்ன சொல் சொன்னதுதான். எழுத மாட்டேன் என்று நான் சொன்னதில்லை. அஞ்சாவது வரை படித்தவள் கையெழுத்து, புரியாவிட்டால் மறுபடி வாசி. யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே.

பூ வைக்க வந்த அன்று எங்கள் வீட்டில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு யாரும் நான் அங்கே இல்லை என்று கையை விரிக்கக் கூடாது. என் மகன் காளிராஜ். அவன் பெண்டாட்டி ஈஸ்வரி. கல்யாணப் பெண்ணாகிய என் பேத்தி பாண்டிசெல்வி, அரக்கு கலர் பட்டு. மாப்பிள்ளை வினோத், தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற யூனிட் வைத்திருக்கிறான், மம்சாபுரத்துப் பையன். அவன் அம்மா ஜெயசித்ரா. அவன் அப்பத்தா அய்யம்மாள், மூக்குத்தி இரண்டு பக்கமும். மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள நாற்காலியில் உன் அண்ணன். அலமாரி மேல் சார்ஜில் என் போன். போனையும் ஆளாகத்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும், அன்றைக்கு அங்கே இருந்த எல்லோரையும்விட அதிகமாக வாயாடியது அதுதான்.

அந்தப் போன் காளிராஜ் போன தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்தது. எனக்கும் உன் அண்ணனுக்கும் சேர்த்து ஒன்று. உள்ளே எல்லாம் என் பேர், என் படம். அவர் வெளியே கிளம்பினால், எழுபத்து நாலு வயசு ஆள் எங்கேயாவது தலைசுற்றி உட்கார்ந்தால் சொல்ல ஒன்று வேண்டுமே என்று நான்தான் அவர் சட்டைப் பையில் போட்டு அனுப்புவேன். இதை நினைவில் வைத்துக்கொள், பின்னால் வரும். வாங்கின புதிதில் போன் நல்ல பிள்ளையாகத்தான் இருந்தது. கோவில் திருமஞ்சனம் பார்த்தேன், மில்லில் என்னோடு வேலை பார்த்த பிச்சையம்மாளின் பேரன் தவழுகிறதைப் பார்த்தேன். பிறகு அதன் புத்தி மாறியது. முட்டி வலிக்கிறது என்று நான் ஈஸ்வரியிடம்தான் சொன்னேன், சாயங்காலம் அது முட்டிக்கு மாட்டுகிற பெல்ட்டைக் காட்டுகிறது. உன் அண்ணன் குறட்டையைத் திட்டினேன், மெத்தையைக் காட்டுகிறது. சாமிக்குப் பால் ஊற்றுகிற நேரம் பார்த்து ஒரு தடியன் ஜட்டியோடு குறுக்கே குதிக்கிறான். கும்பிட்ட கையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவன் போக அஞ்சு விநாடி ஆகும் என்று ஒரு எண் ஓடுகிறது. அஞ்சு விநாடியும் அவனை நான் பார்த்துத்தான் ஆக வேண்டுமாம்.

ஆடி மாதம் அந்தப் படம் போடுகிற ஆப்பில் ஒரு அறிவிப்பு வந்தது. உங்கள் தனியுரிமை எங்களுக்கு மிகவும் முக்கியம், ஆகையால் எங்கள் விதிகளை மாற்றியிருக்கிறோம் என்று. முக்கியம் என்றால் எதற்கு மாற்றுகிறாய் என்று நான் கேட்டேன், அதற்குக் காது இல்லை, அல்லது அதற்கு மட்டும் காது இல்லை. கீழே தள்ளத் தள்ள எழுத்து, கிணற்றுக் கயிறு மாதிரி. அடியில் இரண்டு பொத்தான். ஒன்று ‘சம்மதம்’, தோசைக் கல் அளவு, நீலக் கலர். இன்னொன்று ‘பிறகு’, சீரகம் அளவு. வேண்டாம் என்பதற்குப் பொத்தானே கிடையாது. பெண் பார்க்க வந்தவனிடம்கூட வேண்டாம் என்று சொல்ல வழி உண்டு. மில்லில் கையெழுத்து வாங்க வந்தால்கூட யூனியன்காரர் வாசித்துச் சொன்ன பிறகுதான் நாங்கள் பேனாவைத் தொடுவோம். பதினோரு நாள் அது வந்தது, பதினோரு நாளும் நான் சீரகத்தையே அமுக்கினேன். பன்னிரண்டாம் நாள் வரவில்லை. தோற்று ஓடிவிட்டது என்று அன்றைக்குப் பாயசம் வைத்தேன். அந்தப் பாயசத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கரிக்கிறது.

ஆவணி பிறந்ததும் பூ வைக்க வந்தார்கள். வினோத் பாண்டிசெல்வி தானாகப் பார்த்த மாப்பிள்ளை, மூன்று வருஷப் பழக்கம், எனக்குத் தெரியாது என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஜெயசித்ராவுக்கு முழு மனசு. அய்யம்மாளுக்குப் பாதி மனசு. வண்டியை விட்டு இறங்கும்போதே எங்கள் வாசல் கோலத்தில் புள்ளி குறைகிறதா என்று பார்த்தவள் அவள். ஒரு சாக்கு கிடைத்தால் போதும், எழுந்துவிடுவாள். ஆறு தட்டு நல்லபடியாக இறங்கியது. ஏழாவது தட்டின் துணியை ஜெயசித்ரா விலக்கினாள். நாலு கிலோ பால்கோவா. டப்பா மூடியில் உன் கடைப் பேர்.

“ஒங்களுக்குப் புடிச்ச கடைலருந்துதான் வாங்கியாந்தோம் அத்த. வேற கடைக்குப் போக மனசே வரல” என்றாள் ஜெயசித்ரா.

எனக்குப் பிடித்த கடையா, இதை யார் சொன்னது என்று கேட்டேன். அவள் தன் போனை நீட்டினாள். உன் மகன் கொடுத்த விளம்பரம். அதில் உன் கடை, உன் அடுப்பு, உன் கரண்டி. எல்லாவற்றுக்கும் மேலே என் முகம். போன பொங்கலுக்குப் பாண்டிசெல்வி எடுத்த படம், வெயில் தாங்காமல் முகத்தைச் சுளித்தது அதில் சிரிப்பு மாதிரி விழுந்திருக்கிறது. கீழே எழுதியிருக்கிறது, ‘வெள்ளத்தாய் இந்தக் கடையை விரும்புகிறார். நீங்களும் வாருங்கள்.’ அந்தப் படத்தைப் பெரிதாக அடித்து உன் கடை வாசலில் பலகையாகவே மாட்டியிருக்கிறது, நாங்கள் அதன் அடியில்தான் வரிசையில் நின்றோம் என்று அய்யம்மாள் வேறு சொன்னாள். கேஸ் சிலிண்டர் போடுகிறவர் பத்து நாளாக ஏன் என்னைப் பார்த்துச் சிரித்தார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. காளிராஜுக்குத் தெரிந்திருக்கிறது, ஈஸ்வரிக்குத் தெரிந்திருக்கிறது, ஒருவருக்கும் என்னிடம் சொல்லத் தைரியம் இல்லை.

நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. தொண்ணூற்று நாலு ஆவணியில் நீ கடை திறந்தாய். தேவதானத்தில் இருக்கிற தூரத்துச் சொந்தத்துக்கெல்லாம் வெற்றிலை பாக்கு போனது. கூடப் பிறந்த அண்ணன் வீட்டுக்கு வரவில்லை. அன்றைக்கு மில் வாசலில் ஷிப்டு விடுகிற கூட்டத்துக்கு நடுவில் நின்று சொன்னேன், சுடலை கடைப் பண்டம் என் நாக்கில் படாது, அவளோடு எனக்குப் பேச்சும் கிடையாது என்று. இதுவரை பட்டதில்லை. இப்போது, பெண் வீட்டில் மூத்தவள் அந்தத் தட்டிலிருந்து ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டால்தான் சம்பந்தத்துக்குச் சம்மதம் என்று அர்த்தம். போட்டால் என் சொல் செத்தது. போடாவிட்டால் பேத்தி கல்யாணம் நின்றது. அய்யம்மாள் மடியில் இருந்த கைப்பையைத் தோளுக்கு மாற்றுகிறாள். பாண்டிசெல்வி என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்க்கிறாள், கழுத்து மட்டும் சிவந்து போயிருக்கிறது.

நான் எழுந்து அடுப்படிக்குப் போய்க் கருப்பட்டிப் பானையில் கையை விட்டு ஒரு துண்டு எடுத்து வந்தேன். “எங்க வீட்ல பொண்ணு வீட்டுப் பெரியவ கருப்பட்டிதான் வாயில போடணும். பால் பண்டம் மாப்பிள்ள வீட்டுப் பெரியவுகளுக்கு. எங்க மாமியா காலத்துலருந்து இதான் மொற” என்றேன். இருபத்தாறு வருஷமாக இந்த வீட்டில் இருக்கிற ஈஸ்வரி வாயைத் திறந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். தனக்கு ஒரு முறை தெரியவில்லை என்று அய்யம்மாள் ஒத்துக்கொள்வாளா? “எங்க பக்கமும் அதேதான் மதினி. இப்ப யாரு அதெல்லாம் பாக்குதாக” என்றாள். நான் கருப்பட்டியைக் கடித்தேன். அவள் வாயில் உன் பால்கோவாவை வைத்தேன். அவள் கண்ணை மூடி விழுங்கிவிட்டு இன்னும் ஒரு விள்ளலுக்கு வாயைத் திறந்தாள். சம்பந்தம் முடிந்தது, பூ வைத்தாயிற்று, தை மாதம் கல்யாணம். இனிமேல் எங்கள் வீட்டில் கருப்பட்டிதான் முறை.

அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் உன் அண்ணன் தட்டிலிருந்து எடுத்து வாயில் போட்டு மென்றுவிட்டு, “இன்னைக்கு பதம் செத்த கூடிப்போச்சு” என்றார். இன்னைக்கு என்றார். நான் அதைக் கேட்டேன், கேட்டு முந்தியில் முடிந்துகொண்டேன்.

மறுநாள் காலையில் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் போன் பழுது பார்க்கிற ஜெபக்குமார் கடைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். என் பேரை யாரைக் கேட்டு எடுத்தார்கள் என்று தெரியாமல் எழுந்திருக்க மாட்டேன் என்றேன். ஜெபக்குமார் நல்ல மனுஷர், நாற்பது வயசுக்குள் முடி கொட்டியவர், இந்த மாதிரிப் போன்களைப் பார்த்துப் பார்த்துத்தான் கொட்டியிருக்க வேண்டும். அவர் உள்ளே உள்ளே போய், ஒரு கதவுக்குப் பின்னால் இன்னொரு கதவாகத் திறந்து கடைசியில் ஒரு பட்டியலைக் காட்டினார். நான் எங்கெங்கே போனேன் என்று போன் தேதியோடு எழுதி வைத்திருக்கிறது. “ஆச்சி, நீங்க மாசா மாசம் ரெண்டாஞ் சனிக்கெழம அந்தப் பால்கோவாக் கடைக்குப் போயிருக்கீங்க. காலைல பத்தே முக்காலுக்கு உள்ள போயி பதினொன்னரைக்குத்தான் வெளிய வந்திருக்கீங்க. அதான் ஒங்களுக்குப் புடிச்ச கடைன்னு போட்டிருக்கான்” என்றார்.

சுடலை, நான் கோபக்காரி. ஆனால் அந்த நேரம் எனக்குக் கோபம் வரவில்லை. எனக்குச் சமமாக நினைவு வைத்திருக்கிற ஒன்றை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தேன். ஜெபக்குமார் தேதியை வாசிக்க வாசிக்க நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மார்ச் எட்டாம் தேதியா, அன்றைக்குக் கண் ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லிவிட்டுப் போனவர். ஏப்ரல் பன்னிரண்டா, மில்லில் கூட வேலை பார்த்தவருக்குக் கருமாதி என்றார். மே பத்து, அதே ஆளுக்கு மறுபடியும் கருமாதி என்றார், அன்றைக்கே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஜூன் பதினாலு, ஆண்டாள் கோவில். ஜூலை பன்னிரண்டும் ஆண்டாள் கோவில். பிரசாதம் எங்கே என்று கேட்டதற்குக் கூட்டம் என்றார். கடை வேலையை விட்டுவிட்டு ஜெபக்குமார் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தேன். உன் அண்ணன் செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்தார். போனை அவர் முன்னால் வைத்தேன். ஒவ்வொரு தேதியாகச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. தங்கச்சி கடைக்குப் போகாமல் யார் கடைக்குப் போவது என்றார். சரி, அந்த நீலப் பொத்தானை அமுக்கினது யார் என்றேன். அது குறுக்கே வந்து நின்றதாம், மழை வருமா என்று பார்க்க வேண்டியிருந்ததாம், அமுக்கினாராம், போய்விட்டதாம். மழையும் வரவில்லை. அதையும் பொறுத்தேன். பிறகுதான் கேட்டேன்.

“நம்மள அழைக்காத கடைக்கி மாசா மாசம் போறதுக்கு ஒங்களுக்குக் கூச்சமா இல்லையா?”

“அழைச்சாள்லா.”

“என்ன சொன்னீய?”

அவர் செய்தித்தாளைத் திருப்பினார். நான் அதை வாங்கி மடித்து வைத்தேன். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. நீ வெற்றிலைத் தட்டோடு வந்திருக்கிறாய். எனக்கு அன்றைக்கு முதல் ஷிப்டு. மதினி வந்ததும் கையில் கொடு அண்ணே என்று கடை திறப்புப் பத்திரிகையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். இவர் அதைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். மில்லில் ஏதோ அளவு குறிக்கத் தாள் வேண்டியிருந்ததாம். அதன் முதுகில் குறித்து, மிஷினுக்குப் பக்கத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

“அன்னைக்கே எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?”

“சொன்னா நீ ஏசுவ.”

“முப்பத்தோரு வருசமா ஏசாமலா இருந்தேன்?”

“அது சுடலையல்லா ஏசுன” என்றார்.

ஒரு பொட்டி, நான் சொல்லாததையெல்லாம் ஊருக்குச் சொன்னது. ஒரு மனுஷன், நீ சொல்லிவிட்டுப் போனதை வீட்டுக்குள் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவில் நான் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

மனுஷனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முதலில் பொட்டியை எடுத்துக்கொண்டேன். ஜெபக்குமார் கம்பெனிக்குப் புகார் எழுதினார். அன்பான வெள்ளத்தாய், உங்கள் கருத்துக்கு நன்றி என்று அதே நிமிஷம் பதில் வந்தது. எழுதி முடிக்கும் முன்பே நன்றி சொல்கிறவன் வாசிக்கவில்லை என்று அர்த்தம். ஒருவர் புகார் சொன்னால் காதில் விழாது ஆச்சி, நிறையப் பேர் அந்த விளம்பரத்தின் மூலையில் உள்ள மூன்று புள்ளியை அமுக்கி, இது தவறு என்று சொன்னால்தான் ஆள் வந்து பார்ப்பான் என்றார் ஜெபக்குமார். எத்தனை பேர் என்றேன். என் போனில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேர் என்றார். நாற்பத்து மூன்று பேர். நாற்பத்து மூன்று பேர் நம்பரும் எனக்கு மனப்பாடம். அதைவிட, நாற்பத்து மூன்று பேரும் எனக்கு என்ன செய்தார்கள் என்பது மனப்பாடம்.

பிச்சையம்மாளிடமிருந்து ஆரம்பித்தேன். “ஏட்டி, ரெண்டாயிரத்து ஒம்பதுல எங்கிட்ட வாங்குன இட்லிக் கொப்பரைய நெளிச்சுக் கொண்டாந்து தந்தயே, அத இன்னையோட மன்னிச்சுட்டேன். அந்த மூணு புள்ளிய அமுக்கு” என்றேன். அவள் பாவம், பதினாறு வருஷமாக அது எனக்குத் தெரியாது என்று நினைத்திருக்கிறாள், பதறிப்போய் இரண்டு தடவை அமுக்கினாள். என் வீட்டுப் பால்காய்ச்சுக்கு வந்து பாயசத்தில் புகை வாடை என்று சொன்னவள், காளிராஜ் கல்யாணப் படத்தில் என் தலையை வெட்டிவிட்டுப் பின்னால் இருந்த வாழை மரத்தை எடுத்த போட்டோக்காரர், என் ரவிக்கையில் ஒரு கையைக் குட்டையாகத் தைத்தவள், மில் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காக வாந்தி வருகிறது என்று பொய் சொன்னவள், ஒவ்வொருவரையும் கூப்பிட்டு மன்னித்தேன். நான் என்ன செய்தேன் ஆச்சி என்று சிலர் கேட்டார்கள். அதெல்லாம் இனிமேல் எதற்கு, மன்னித்தாயிற்று, அமுக்கு என்றேன். இரண்டு நாளில் நாற்பத்து மூன்று பேரும் அமுக்கினார்கள். என் மனசு பொங்கலுக்கு ஒட்டடை அடித்த வீடு மாதிரி காலியாகக் கிடந்தது.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. உங்கள் புகாரை ஏற்று அந்த விளம்பரத்தை நீக்கிவிட்டோம், சிரமத்துக்கு வருந்துகிறோம். வருந்துகிறோம் என்று எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். எந்த ஊரில் இருக்கிறார்களோ, எத்தனை மாடியோ, இராஜபாளையத்து வெள்ளத்தாயிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டார்கள். ஜெபக்குமாரிடம் அதைத் தாளில் அடிக்கச் சொல்லி வாங்கி, காலண்டருக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். அன்றைக்கே போனில் என் இடத்தை எழுதி வைக்கிற வேலையையும் நிறுத்தினோம். நிச்சயமா நிச்சயமா என்று பதினாலு தடவை கேட்டது. பதினாலு தடவையும் நிச்சயம் என்றேன். இப்போது அதற்கு நான் யார், எங்கே இருக்கிறேன், எனக்கு முட்டி இருக்கிறதா இல்லையா என்று ஒன்றும் தெரியாது. நேற்று எனக்கு டிராக்டர் டயர் காட்டியது.

இவ்வளவும் உனக்கு எதற்கு எழுதுகிறேன் என்றால், உன் கடையை எனக்குப் பிடிக்கும் என்று நான் சொல்லவில்லை என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். வாசலில் இருக்கிற அந்தப் பலகையை உடனே கழற்றச் சொல். நீ வெற்றிலைத் தட்டோடு வந்தது உண்மைதான் என்று இப்போது தெரியும். ஆனாலும் ஒரு நாள் ஆள் இல்லாவிட்டால் மறுநாள் வரக் கூடாதா? உன் மேல் எனக்குள்ள வருத்தம் அப்படியேதான் இருக்கிறது. உன் கடைப் பண்டம் என் நாக்கில் படாது, உன் கடை வாசலை மிதிக்க மாட்டேன், இதில் மாற்றம் இல்லை.

உன் மகன், மருமகள், பேரப் பிள்ளைகளுக்கு என் ஆசி. கறவை வற்றாமல், அடுப்பு அணையாமல், பால் அடிப்பிடிக்காமல் உன் கடை நடக்கட்டும். நீ என்னைவிட நாலு வயசுதான் சின்னவள் என்றாலும் மதினி என்கிற முறையில் உனக்கும் ஒரு ஆசி உண்டு, வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
உன் அண்ணன் பெண்டாட்டி
வெள்ளத்தாய்

பின்குறிப்பு: அன்றைக்கு எல்லோரும் போன பிறகு தட்டைக் கழுவும்போது ஓரத்தில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. நாக்கில் படாது என்றுதான் நான் சொல்லியிருந்தேன், அதனால் மேலண்ணத்தில் வைத்துப் பார்த்தேன். பதம் கூடவே இல்லை, சரியாக இருந்தது, உன் அண்ணனுக்கு அதுவும் தெரியவில்லை. அந்தப் பலகையை இப்போது கழற்ற வேண்டாம், நான் வந்து ஒரு தடவை பார்த்த பிறகு கழற்றலாம். அதில் என் சேலைக் கலர் எடுப்பாக விழுந்திருக்கிறது என்று காளிராஜ் சொல்கிறான். கடை திறந்து முப்பத்தோரு வருஷம் ஆனால் என்ன, ஒரு நாள் பூட்டிவிட்டு மறுநாள் திற. அதற்குப் பத்திரிகையும் வெற்றிலை பாக்கும் கொண்டு வா. எனக்கு இப்போது ஷிப்டு இல்லை, நாள் முழுக்க வீட்டில்தான் இருப்பேன். என் கையில் கொடு, வேறு யார் கையிலும் கொடுக்காதே. இந்தக் கடிதத்தையும் நானே நடந்து போய்ப் பெரிய தபாலாபீஸ் பெட்டியில் போடுகிறேன். நிறுத்திய அந்த இடம் எழுதுகிற வேலையை நேற்று ஜெபக்குமாரிடம் சொல்லி மறுபடி போடச் சொல்லிவிட்டேன், போன் உன் அண்ணன் சட்டைப் பையில்தான் இருக்கிறது. இந்தச் சனிக்கிழமை அவர் கருமாதிக்குப் போகிறாராம். உன்னையும் சேர்த்து நாற்பத்து நாலு பேரை மன்னித்தாயிற்று. கழுத்தில் தாலி ஏறி அம்பத்தோரு வருஷமாக இந்த வாயால் நான் சொல்லாத ஒரு பேர் இருக்கிறது. இப்போதும் சொல்லவில்லை, எழுதத்தான் எழுதுகிறேன். நான் மன்னிக்காத ஒரே ஆள் வேல்சாமி.